அளக்கத் தவறியவர் யார்? சுமப்பவர் யார்?

மின்சாரக் கட்டணம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், ஒரு யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கிறது. அந்த யூனிட்டை எண்ண வேண்டியவர் யார், உரிய காலத்தில் எண்ணினாரா, எண்ணத் தவறினால் அதன் விளைவை ஏற்க வேண்டியவர் யார் என்ற கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. ஆனால் நாட்டின் பல மாநிலங்களில் உழைக்கும் மக்களின் வீடுகளை நிலைகுலையச் செய்வது கட்டண விகிதம் மட்டுமன்று. மாதக்கணக்கில் மீட்டரைப் பார்க்காமல் விட்டுவிட்டு, ஒரு நாள் திடீரென்று ஒரே பட்டியலில் மொத்தத் தொகையையும் கேட்கும் நடைமுறையும்தான்.

அப்படிப்பட்ட பட்டியலைக் கையில் வாங்கும் குடும்பம் முதலில் தன்னையே சந்தேகிக்கிறது. மின்விசிறியை அதிக நேரம் ஓடவிட்டோமா, பக்கத்து வீட்டுக்காரர் நம் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தாரா என்று யோசிக்கிறது. பிறகு அலுவலகத்திற்குப் போகிறது. அங்கே கிடைக்கும் பதில் ஒன்றே: “முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு மனு கொடுங்கள்.” ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றவர் இந்தப் பதிலோடு திரும்புகிறார். பிழை செய்தது ஒரு நிறுவனம். அந்தப் பிழை தன்னுடையதன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்போ ஒரு தொழிலாளியின் தலையில் விழுகிறது. இந்தத் தலைகீழ் நிலையைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

தாமதத்திற்கும் ஒரு விலை உண்டு

“பயன்படுத்திய மின்சாரத்திற்குத்தானே கேட்கிறார்கள், இன்று கொடுத்தால் என்ன, நாளை கொடுத்தால் என்ன?” என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் அமைந்தது. குறைந்த பயன்பாட்டுக்குக் குறைந்த விகிதம். பயன்பாடு கூடக் கூட விகிதமும் கூடும். ஏழை எளியோரைக் காக்க ஏற்பட்ட இந்த ஏற்பாடு, மீட்டரை உரிய காலத்தில் பார்க்காவிட்டால் அவர்களுக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

விளக்கத்திற்காக ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்கு 4 ரூபாய், அதற்கு மேல் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மாதந்தோறும் 90 யூனிட் பயன்படுத்துகிறது. ஒழுங்காகக் கணக்கெடுத்தால் மாதம் 360 ரூபாய். ஆறு மாதத்திற்கு 2,160 ரூபாய். இப்போது ஐந்து மாதங்கள் மீட்டரைப் பார்க்க யாரும் வரவில்லை. மாதம் 40 யூனிட் என்று உத்தேசமாகப் பட்டியல் போட்டுவிட்டார்கள் என்று கொள்வோம். அந்த ஐந்து மாதங்களில் குடும்பம் 800 ரூபாய் கட்டியிருக்கும். ஆறாவது மாதம் மீட்டரைப் பார்த்ததும் மிச்சமுள்ள 340 யூனிட்டும் அந்த ஒரு மாதத்தின் பயன்பாடாகக் கணக்கில் ஏறுகிறது. 100 யூனிட்டுக்கு 400 ரூபாய், 240 யூனிட்டுக்கு 1,920 ரூபாய். ஆக 2,320 ரூபாய். மொத்தத்தில் அந்தக் குடும்பம் கொடுப்பது 3,120 ரூபாய். ஒரு யூனிட்கூடக் கூடுதலாகப் பயன்படுத்தாமலேயே 960 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறது.

தொகையை உரிய மாதங்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு மாதத்திற்கும் படிநிலைச் சலுகை தர வேண்டும் என்பதே நியாயமான முறை. ஆனால் கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்பதைப் பட்டியலைப் பார்த்து எத்தனை பேரால் கண்டறிய முடியும்? கேட்டுப் போராடியவருக்குச் சலுகை கிடைக்கிறது. கேட்கத் தெரியாதவர் கட்டிவிட்டுப் போகிறார். இத்துடன் தாமதக் கட்டணம், வட்டி என்று சேரும்போது, எண்ணத் தவறிய நிறுவனத்திற்கு அந்தத் தவறே வருமானமாகிவிடுகிறது.

2020 கோடை கற்பித்த பாடம்

இது எங்கோ ஒரு மூலையில் நிகழும் தனிப்பட்ட தவறன்று என்பதை 2020ஆம் ஆண்டின் கோடை நாடு முழுவதற்கும் காட்டியது. பெருந்தொற்றை முன்னிட்டு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும், வீடு வீடாகச் சென்று மீட்டர் பார்க்கும் பணி நின்றது. மகாராஷ்டிரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியோடு, முந்தைய மாதங்களின் சராசரியைக் கொண்டு பட்டியல்கள் அனுப்பப்பட்டன. முந்தைய மாதங்கள் என்பவை டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, அதாவது குளிர்காலம். மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதங்களோ மார்ச், ஏப்ரல், மே, கடும் கோடை. மின்விசிறி நாள் முழுவதும் சுழன்ற மாதங்களுக்குக் குளிர்காலச் சராசரியைப் பொருத்தினால் கிடைப்பது குறைந்த பட்டியல். ஆனால் மீட்டர் சுழல்வதை நிறுத்தவில்லை. இதற்கிடையே ஏப்ரல் 1 முதல் புதிய கட்டண விகிதமும் நடைமுறைக்கு வந்தது.

ஜூன் மாதத்தில் மீட்டர்களைப் பார்த்தபோது, விட்டுப்போன யூனிட்டுகள் எல்லாம் ஒரே பட்டியலில் வந்து இறங்கின. மும்பையின் திரையுலகினர் தங்கள் பட்டியல்களைப் பொதுவெளியில் காட்டியபோது அது தேசியச் செய்தியாயிற்று. மூன்று மாதங்களாக வருமானமின்றிக் கிடந்த குடிசைப் பகுதிகளிலும் சால்களிலும் அதே பட்டியல் என்ன செய்தது என்பது அவ்வளவு செய்தியாகவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகே ஆணையம் தலையிட்டது. தொகை மிக உயர்ந்தவர்களுக்கு மூன்று தவணைகளில் செலுத்தும் வாய்ப்பு அளிக்கப்பட்டது.

கேரளத்திலும் அதே காலத்தில் புகார்கள் எழுந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு அப்புகார்களை வதந்தி என்று ஒதுக்கிவிடவில்லை. கூடுதல் பயன்பாட்டினால் உயர்ந்த தொகையில் ஒரு பகுதியை மானியமாக ஏற்றது. மிச்சத்தைத் தவணைகளில் செலுத்த வழி செய்தது. பெருந்தொற்று யாருடைய தவறும் அன்று. ஆனால் தவறு யாருடையதாக இல்லாதபோதும் சுமையை யார் மீது ஏற்றுவது என்பது அரசியல் முடிவு. அந்த முடிவை இரு மாநிலங்களும் எவ்வாறு எடுத்தன என்பதே இங்கு நாம் நோக்க வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

மீட்டரைப் பார்க்கும் கடமை யாருடையது என்பதில் சட்டத்திற்குக் குழப்பம் இல்லை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்க வேண்டும் என்று விநியோக நிறுவனத்திற்குக் கடமை விதிக்கிறது. 2020 டிசம்பர் 31 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. ஒவ்வொரு பட்டியல் காலத்திலும் ஒரு முறையேனும் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் உத்தேசப் பட்டியல் அனுப்பக் கூடாது. அதற்கு மேலும் உத்தேசப் பட்டியல் தொடர்ந்தால், இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழல் தவிர, மீட்டர் அளவின்படி பட்டியல் வரும்வரை பணம் செலுத்த நுகர்வோர் மறுக்கலாம். பூட்டிய வீடு என்ற காரணத்தால் இரண்டு முறை தொடர்ந்து மீட்டரைப் பார்க்க இயலாமல் போனால், நுகர்வோரே மீட்டரைப் படமெடுத்துப் பதிவு செய்த கைபேசி எண்ணிலிருந்தோ மின்னஞ்சல் வழியாகவோ அனுப்பலாம்; அவ்வாறு அனுப்பியவருக்கு உத்தேசப் பட்டியல் அனுப்பக் கூடாது.

இந்த உரிமைகளைப் பற்றி நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மின் கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தில் எத்தனையோ அறிவிப்புகள் அச்சாகின்றன; “உத்தேசப் பட்டியல் இரண்டுக்கு மேல் வந்தால் நீங்கள் மறுக்கலாம்” என்ற ஒரு வரியை அங்கே காண்பது அரிது.

பழைய நிலுவைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒரு தொகை முதன்முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின் அதை வசூலிக்க முடியாது. இணைப்பையும் துண்டிக்க முடியாது என்கிறது. பட்டியல்களில் அத்தொகை தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு. படிக்கும்போது நுகர்வோருக்கு இது உறுதியான அரணாகத் தோன்றும். அந்த அரணில் விழுந்த விரிசலைப் புரிந்துகொள்வது அவசியம்.

“செலுத்தத்தக்கது” என்ற ஒரு சொல்

2020 பிப்ரவரி 18 அன்று, அஜ்மீர் மின் விநியோக நிறுவனம் தொடுத்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் தவறான கட்டணக் குறியீட்டின்கீழ் 2009 முதல் 2011 வரை பட்டியல் அனுப்பியிருந்தது. தணிக்கையில் இத்தவறு வெளிப்பட, 2014இல் வேறுபாட்டுத் தொகையைக் கேட்டது. மின்சாரத்தைப் பயன்படுத்தியதும் கடன் தோன்றிவிடுகிறது என்றாலும், பட்டியல் அனுப்பிய பிறகே அது செலுத்தத்தக்கதாகிறது என்று நீதிமன்றம் விளக்கியது. நிறுவனம் நல்லெண்ணத்தோடு செய்த பிழையாயின், பிழை கண்டறியப்பட்ட பின் கூடுதல் தொகையைக் கேட்பதற்கு இரண்டாண்டு வரம்பு தடையாகாது என்றும், ஆனால் அந்தத் தொகைக்காக மின் இணைப்பைத் துண்டிக்க முடியாது என்றும் முடிவு செய்தது.

2021 அக்டோபரில் ஹரியானாவிலிருந்து வந்த மற்றொரு வழக்கில், பெருக்கு எண்ணைப் பத்துக்குப் பதில் ஐந்து என்று பதிவு செய்து பட்டியல் போட்டிருந்தார்கள். பிற்பாடு கேட்ட கூடுதல் தொகையைச் சேவைக் குறைபாடாகக் கொள்ள முடியாது. அது கணக்கீட்டிலிருந்து தப்பிய தொகை என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

சொற்களோடு நாள்தோறும் பழகுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கணக்கீட்டிலிருந்து தப்பிய தொகை என்றால் தொகைதான் ஓடி ஒளிந்துகொண்டது என்ற தோற்றம் கிடைக்கிறது. ஒளிந்தது தொகையா, கவனிக்கத் தவறியது நிறுவனமா? வாக்கியத்தில் எழுவாய் மாறியதும் பொறுப்பும் இடம் மாறிவிடுகிறது. பட்டியல் அனுப்பினால்தான் செலுத்தத்தக்கது என்றால், பட்டியல் அனுப்பாமலே காலம் தாழ்த்துகிறவருக்குக் கால வரம்பு எங்கே தொடங்கும்? கடமையைச் செய்யாதவரே தன் கடமைக்கான காலக்கெடுவை நீட்டித்துக்கொள்ள முடியும் என்ற நிலை இதிலிருந்து பிறக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தில்கூட, மீட்டர் சரியாக இல்லை என்று தெரியவந்தால் மின் ஆய்வாளர் ஆறு மாதத்திற்கு மிகாத காலத்திற்கே தொகையை மதிப்பிட முடியும் என்ற வரம்பு இருந்தது. மதிப்பிடுபவரும் விற்கும் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், அரசின் ஆய்வாளர். சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆறு மாத வரம்பை ஏற்று வைத்துக்கொள்ளவில்லை. தனியார்மயத்திற்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் பிரிட்டனிலேயே, நுகர்வோரின் தவறு இல்லாதபோது பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய பயன்பாட்டுக்கு வீட்டு நுகர்வோரிடம் புதிதாகக் கட்டணம் கேட்க முடியாது என்ற விதியை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2018 மே முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. அங்கிருந்து சந்தையை இறக்குமதி செய்ய விரும்புகிறவர்கள் இந்த விதியை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிடுகிறார்கள்.

கணக்கெடுக்க வராதவர் யார்?

பட்டியல் பெருகியதும் மக்களின் கோபம் முதலில் பாய்வது மீட்டர் பார்க்க வரும் ஊழியர் மீது. பல மாநிலங்களில் இன்று அந்த ஊழியர் மின்வாரியத்தின் ஊழியரே அல்லர். மீட்டர் பார்ப்பதும் பட்டியல் வழங்குவதும் தனியார் முகமைகளுக்கு ஒப்பந்தத்தில் விடப்பட்டுள்ளன. பார்க்கும் மீட்டரின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் தன் கையிலிருந்து. விடுப்போ பணிப் பாதுகாப்போ இல்லை. மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டாவது முறை போனால் அந்த நேரத்திற்கு அவருக்குக் கூலி இல்லை. அப்படியிருக்க, போன மாத எண்ணோடு ஏதோ ஒன்றைக் கூட்டிப் பதிவு செய்துவிட்டு நகர்வதற்கான நெருக்கடியை அந்த ஒப்பந்தமே உருவாக்குகிறது. அவ்வாறு எழுதுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விளைவுக்கு ஊழியரைத் தண்டித்துவிட்டு ஒப்பந்தத்தைத் தொடர்வது நோயை விட்டுவிட்டு வலியை அடக்குவதாகும்.

இவ்விடத்தில் நமக்குள்ளேயே எழும் ஒரு தயக்கத்தையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். மின் துறை பொதுத்துறையாக நீடிக்க வேண்டும் என்று போராடுகிறவர்கள் நாம். மின் ஊழியர் சங்கங்களில் நம் தோழர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். பட்டியல் பிழைகளைப் பற்றி உரக்கப் பேசினால், “பார்த்தீர்களா, அரசு நிறுவனம் இப்படித்தான், தனியாரிடம் கொடுத்துவிடலாம்” என்று சொல்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடாதா என்று சில தோழர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் தவறான வழிக்கு இட்டுச்செல்வது. நாம் பேசாமல் இருப்பதால் அந்த வீட்டுக்கு வந்த பட்டியல் குறைந்துவிடாது. மக்கள் பேசுவார்கள்; நாம் அருகில் இல்லாவிட்டால் வேறு யாரோ அவர்கள் அருகில் இருப்பார்கள். பொதுத்துறையைக் காப்பது என்பது அதன் பிழைகளைக் காப்பதன்று. பொதுத்துறை மக்களுடையது என்றால், தவறு நேர்ந்தால் திருத்தச் சொல்லும் உரிமையும் மக்களுடையதே.

மற்றொரு நியாயமான கேள்வியும் உண்டு. விடுபட்ட தொகையை நிறுவனம் கைவிட்டால் இழப்பு யார் தலையில் விழும்? மற்ற நுகர்வோர் தலையிலா? பயன்படுத்திய மின்சாரத்திற்கு விலை தர வேண்டியதில்லை என்று நாம் சொல்லவில்லை. பெருக்கு எண் தவறியதால் கோடிக்கணக்கில் குறைவாகச் செலுத்திய ஆலைக்கும், இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆலைக்குக் கணக்கர் உண்டு, தணிக்கையாளர் உண்டு. தன் பட்டியல் பாதியாகக் குறைந்திருப்பதை அறியும் வாய்ப்பும் உண்டு. வீட்டு நுகர்வோர், சிறு விவசாயி, சிறு கடைக்காரர் ஆகியோருக்குக் கால வரம்பு வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அந்த வரம்புக்கு அப்பால் உள்ள தொகையை ஏற்க வேண்டியது, கணக்கெடுப்பை ஒப்பந்தத்திற்கு விட்டும் காலியிடங்களை நிரப்பாமலும் இந்த நிலையை உருவாக்கிய அரசும் நிர்வாகமுமே.

ஸ்மார்ட் மீட்டர்: தீர்வா, மறைப்பா?

இவற்றுக்கெல்லாம் ஒன்றிய அரசு முன்வைக்கும் விடை முன்பண ஸ்மார்ட் மீட்டர். ஆளே வர வேண்டாம். மீட்டர் தானே அளவைச் சொல்லிவிடும். உத்தேசப் பட்டியலும் இல்லை, திடீர் நிலுவையும் இல்லை என்கிறார்கள். 2021இல் தொடங்கிய மறுசீரமைக்கப்பட்ட விநியோகத் துறைத் திட்டத்தின்கீழ் 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது இலக்கு. திட்டத்தின் மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். மீட்டருக்கு ஒன்றிய அரசு தரும் மானியம் பெரும்பாலான மாநிலங்களுக்கு 900 ரூபாய்க்கு மிகாது. மிச்சச் செலவைத் தனியார் நிறுவனம் முதலீடு செய்து, பல ஆண்டுகளுக்கு மீட்டர் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று விநியோக நிறுவனத்திடமிருந்து வசூலித்துக்கொள்ளும். அது இறுதியில் யாருடைய கட்டணத்தில் சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023இல் கேரளம் இந்தத் தனியார் முதலீட்டு முறையை ஏற்க மறுத்து, மின்வாரியமே முதலீடு செய்யும் மாற்று வழியைத் தேர்ந்தெடுத்ததற்குத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு முக்கியக் காரணம்.

செலவை விட ஆழமான சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. சாதாரண மீட்டர் உள்ள வீட்டுக்குப் பட்டியல் என்று ஒன்று வருகிறது. அதில் முந்தைய அளவும் இன்றைய அளவும் இருக்கின்றன. கட்டத் தவறினால் பதினைந்து நாள் எழுத்துமூல முன்னறிவிப்பு தந்த பிறகே துண்டிக்க முடியும். தொகையில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது கடந்த ஆறு மாதச் சராசரி, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டு, தகராறு தீரும்வரை துண்டிப்பைத் தடுக்கலாம் என்று அதே 56ஆம் பிரிவு சொல்கிறது. முன்பண மீட்டரில் இந்தப் படிகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. இருப்பு தீர்ந்ததும் தொலைவிலிருந்தே மின்சாரம் நின்றுவிடும். இரவிலும் விடுமுறை நாளிலும் துண்டிப்பதில்லை என்ற ஏற்பாடு சில மாநிலங்களில் உண்டு. அது நிர்வாகம் தரும் சலுகை, சட்டம் தரும் உரிமை அன்று.

பழைய நிலுவையின் கதி இன்னும் கவலைக்குரியது. பழைய மீட்டரை மாற்றும்போது நிலுவை என்று காட்டப்படும் தொகையைத் தவணைகளாக்கி, நுகர்வோர் செலுத்தும் முன்பணத்திலிருந்தே கழித்துக்கொள்ளும் நடைமுறை சில மாநிலங்களில் வந்துவிட்டது. இதன் பொருள் என்ன? இரண்டாண்டு கடந்த பிழைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரே பாதுகாப்பும் இங்கே பயனற்றுப் போகக்கூடும். யாரும் துண்டிப்பதில்லை, இருப்பு மட்டும் விரைவில் தீர்ந்துபோகிறது. திடீர்ப் பட்டியலையாவது கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்குப் போகலாம். சிறுகச் சிறுகக் கழியும் தொகையை எதிர்த்து யாரிடம் எதைக் காட்டி முறையிடுவது?

இதைக் கற்பனை அச்சம் என்று ஒதுக்க முடியாது. 2024 மே மாதத்தில் குஜராத்தின் வடோதராவில், வழக்கத்தை விடப் பல மடங்கு பணம் கரைகிறது என்று மக்கள் வீதிக்கு வந்தனர். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் எதிர்ப்பு தொடர்ந்தது. 2025 ஜூனில் மேற்கு வங்க அரசு வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதை நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது. மக்கள் எதிர்ப்பின் விளைவாகவே, புகார் வந்த ஐந்து நாளுக்குள் சரிபார்ப்பு மீட்டர் பொருத்திக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதியும் 2024 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டிருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. துல்லியமாக அளக்கும் கருவி வேண்டும். அதைப் பொதுத்துறை வாங்கிப் பொருத்தட்டும். ஆனால் அளப்பதற்கான கருவியையே தண்டிப்பதற்கான கருவியாகவும் ஆக்குவதை ஏற்க முடியாது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, முன்பண மீட்டர் மூலம் மின்சாரம் பெற முன்வருகிறவரிடம் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்கிறது. முன்வருதல் என்றால் விருப்பத்தின்பேரில் என்பதே பொருள். சட்டம் விருப்பத்திற்கு விட்டதை 2020ஆம் ஆண்டு விதிகள் புதிய இணைப்புகளுக்குப் பொது நியதியாக்கின. உத்தேசப் பட்டியலை மறுக்கும் உரிமையைத் தந்த அதே விதிகள்தான் இதையும் செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாம் கேட்பவை, நாம் செய்ய வேண்டியவை

விவசாயிகள் போராட்டத்தின் முடிவில், 2021 டிசம்பரில், மின்சாரத் திருத்த மசோதா குறித்துக் கலந்துபேசிய பிறகே அது கொண்டுவரப்படும் என்று ஒன்றிய அரசு எழுத்தில் உறுதியளித்தது. 2022 ஆகஸ்டில் அந்த உறுதியை மீறி மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தது. 2025 அக்டோபரில் மீண்டும் ஒரு வரைவை வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் போட்டி, நுகர்வோர் நலன் என்ற சொற்களே முழங்குகின்றன. நுகர்வோர் நலனில் உண்மையான அக்கறை இருந்தால் பின்வருவனவற்றை அரசு ஏற்கட்டும்.

வீட்டு நுகர்வோர், சிறு விவசாயி, சிறு கடைக்காரர் ஆகியோரின் தவறு இல்லாதபோது, ஆறு மாதத்திற்கு முந்தைய பயன்பாட்டுக்குப் புதிதாகக் கட்டணம் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே திருத்தம் கொண்டுவர வேண்டும். வரம்புக்கு உட்பட்ட நிலுவையை உரிய மாதங்களுக்குப் பிரித்துப் படிநிலைச் சலுகையோடு கணக்கிட்டு, அந்தக் கணக்கைப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும். பிழை எத்தனை மாதம் நீடித்ததோ அத்தனை மாதத் தவணையாவது வட்டியின்றித் தர வேண்டும். மீட்டர் பார்க்கப்படாத ஒவ்வொரு காலத்திற்கும் காரணத்தைப் பட்டியலில் எழுத வேண்டும். முன்பண மீட்டர் நுகர்வோரின் விருப்பமாக மட்டுமே இருக்க வேண்டும். தகராறில் உள்ள எந்த நிலுவையையும் இருப்பிலிருந்து கழிக்கக் கூடாது. மீட்டர் பார்க்கும் பணியை நிரந்தரப் பணியாக்கி, இப்போது அந்த வேலையைச் செய்துவரும் ஒப்பந்தத் தொழிலாளர்களையே அதில் அமர்த்த வேண்டும்.

இவை தாமாக வரமாட்டா. ஒவ்வொரு கிளையும் இந்த மாதத்திலிருந்தே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. நம் பகுதியில் உள்ள வீடுகளில் மாதத்தின் ஒரே நாளில் மீட்டர் அளவைக் குறித்துவைக்கப் பழக்குவோம். கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். பட்டியல் வந்ததும் முந்தைய அளவு, இன்றைய அளவு, நாள்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுப்போம். உத்தேசப் பட்டியல் இரண்டைத் தாண்டிய வீடுகளின் பட்டியலைத் தயாரிப்போம். தனித்தனியே போனால் அலுவலகம் விரட்டிவிடும். ஐம்பது வீடுகளின் பட்டியலோடு போனால் உட்கார வைத்துப் பேசும். அங்கே தீராதவற்றை நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திற்கும், பிறகு மின் குறைதீர்ப்பாளருக்கும் எடுத்துச் செல்வோம். வாடகை வீட்டில் வசிக்கும் தொழிலாளர்களையும், ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கிறவர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது. முன்பு குடியிருந்தவரின் நிலுவை தம் தலையில் விழும்போது வாய் திறக்க முடியாதவர்கள் அவர்களே.

இந்த வேலையை மின் ஊழியர் சங்கத் தோழர்களையும் உடன் அழைத்துக்கொண்டே செய்ய வேண்டும். மீட்டர் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் பட்டியலைக் கண்டு திகைத்து நிற்கும் வீட்டுப் பெண்ணும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும்வரை, இருவருக்கும் தீங்கு செய்த ஏற்பாடு பத்திரமாக இருக்கும். அவர்கள் இருவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைப்பதுதான் நம் கிளைகளின் முன் உள்ள பணி.